சூரமங்கலத்து இராக்காலம்

சூரமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரவு என்பது ஒருநாளும் நிசப்தமாக இருந்ததில்லை. சேலம் நகரின் மேற்கே, ஊரார் சுருக்கமாக ஜங்ஷன் என்று சொல்லும் ரயில் நிலையத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்கு, நள்ளிரவை அடுத்து மலையாள தேசம் நோக்கிப் போகும் மெயில் வண்டிகளும், அவற்றின் பின்னே நீலகிரியும், அதற்கும் பின்னே சேரனும், கோழி கூவும் வேளைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸும் வந்து நின்று புறப்படும் ஓசையே ஜாமங்களைப் பிரித்துக் காட்டி வந்தது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் போன சிறிது நேரத்துக்கெல்லாம் உழவர் சந்தைக்குக் கீரையும் கத்தரிக்காயும் ஏற்றிய சிறு வண்டிகள் தெருமுனையைத் திரும்பும். பால்காரரின் மணி கேட்கும். வெளியூரிலிருந்து வந்து தங்கும் விருந்தினர் காலையில் கண் சிவந்து எழுந்து, இந்தச் சத்தத்தில் எவ்விதம் தூங்குகிறீர்கள் என்று வியப்பார்கள். எங்கள் அனுபவமோ நேர்மாறானது. ஏதேனும் காரணத்தால் வண்டி தாமதித்த இரவுகளில்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பின் ஒருவராக விழித்துக்கொண்டு, "இன்னும் சேரன் வரக்காணோமே" என்று இருட்டில் கேட்டுக்கொள்வது வழக்கம்.

என் தகப்பனார் சரக்கு வண்டிக் கார்டாக இருந்தவர். அந்தக் காலத்தில் ரயில்வேக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு டெலிபோன் ஏது? வண்டி புறப்படுவதற்கு முன்னதாக, 'கால் பாய்' என்று அழைக்கப்பட்ட ஊழியர் ஒரு கையில் அரிக்கேன் விளக்கும் மறு கையில் தடித்த அட்டை போட்ட புத்தகமுமாக இருட்டில் நடந்து வந்து, ஜன்னல் கம்பியில் இருமுறை தட்டி, தகப்பனாரின் பெயரையும் வண்டி போகும் ஊரையும் தாழ்ந்த குரலில் சொல்லுவார். "எந்திரிங்க, ஆள் வந்திருக்குது" என்று அம்மா எழுப்புவாள். தகப்பனார் வாசலுக்குச் சென்று, அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே புத்தகத்தில் கையொப்பமிட்டு, நேரத்தையும் எழுதிக் கொடுப்பார். விளக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் கரி படிந்திருக்கும். அந்தக் கரிப் பக்கம் எங்களை நோக்கி இருக்கும்படி அந்த மனிதர் விளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார், உறங்கும் குழந்தைகள் கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று. பிறகு அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். அடுக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு இறங்கும். தகப்பனார் உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போவார். பாயில் வரிசையாகப் படுத்திருந்த நாங்கள் இவ்வளவையும் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்து, அடுத்த நிமிஷமே உறங்கிப்போவோம்.

தகப்பன் நடுராத்திரியில் இருளுக்குள் போகிறானே என்ற பயம் அந்தச் சிறு பிள்ளைகளுக்கு ஏன் எழவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். அவர் போகும் பாதை நெடுகிலும் விழித்திருப்பவர்கள் உண்டு என்பது எங்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. கேபினில் நெம்புகோலின் அருகே ஒருவர், கேட்டில் கைவிளக்குடன் ஒருவர், ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் ஒருவர், எஞ்சினில் இருவர் மூவர், இப்படி ஒருவர் கண்ணை மற்றவர் கண் தொட்டு நிற்கும் ஒரு நெடுந்தொடர் ஜோலார்பேட்டை வரையிலும் ஈரோடு வரையிலும் போகும் என்று அறிந்தே நாங்கள் கண்ணை மூடினோம். மனிதன் தனித்துத் தூங்குகிறான் என்பது வெளித்தோற்றம். ஊரில் சிலர் தத்தம் காரியத்தில் விழித்திருக்கிறார்கள், நாளைப் பொழுது வழக்கம்போல விடியும் என்ற விசுவாசத்தின்மேல்தான் மற்றவர்களின் நித்திரை நிலைபெறுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துக்கு நான் எந்தப் புத்தகத்தையும் படித்து வந்து சேரவில்லை. 2020ஆம் ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் சூரமங்கலத்தில் கண் விழித்துக் கிடந்த இரவுகளே அதை எனக்குப் போதித்தன.

2020 மார்ச் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்ட தினத்தில், பயணிகள் ரயில்கள் நின்றன. 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடெங்கும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. 1974ஆம் ஆண்டு மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தைக் கண்ணால் கண்டவன் நான். அப்போதுகூட ஏதோ சில வண்டிகளேனும் ஓடின. இம்முறை, பிளாட்பாரத்து ஒலிபெருக்கி உட்பட, எல்லாம் அடங்கிப்போயின. சரக்கு வண்டிகள் மாத்திரம் ஓடிக்கொண்டிருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்; நாடு பட்டினி கிடவாமல் காத்தவை அவை. ஆனால் சரக்கு வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது. நெடுநேரம் ஒன்றுமே வராமல், திடீரென்று தானியமோ எண்ணெயோ சுமந்த நீண்ட வண்டியொன்று கடகடத்துக்கொண்டு போகும். அது போனபின் மணி இரண்டா நான்கா என்று ஊகிக்க வழியில்லாமல் நாங்கள் கூரையைப் பார்த்துக் கிடப்போம். கந்தம்பட்டிப் பக்கம் நாய் குரைத்தால் எங்கள் கொல்லையில் கேட்டது.

முதல் சில நாட்கள் அந்த அமைதியை ஓர் அனுக்கிரகம் என்றே பலரும் கொண்டாடினார்கள். காற்று தெளிந்து சேர்வராயன் மலையின் மடிப்புகள் மொட்டைமாடியிலிருந்து துலக்கமாகத் தெரிந்தன. வேலைக்கு ஓட வேண்டியதில்லை, பள்ளிக்கூட மணி இல்லை, ஆகையால் ஜனங்கள் ஆசை தீரத் தூங்குவார்கள் என்று நானும் எண்ணினேன். நடந்தது வேறு. பெங்களூரிலிருந்து வந்துவிட்ட மகன் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்து நள்ளிரவு தாண்டிப் படுத்தான். பேரன் கைபேசியை வைத்துக்கொண்டு அவனுக்கும் பிந்திப் படுத்து, உச்சிவேளைக்குச் சற்று முன்பாக எழுந்தான். பகலில் ஆளுக்கொரு மூலையில் குட்டித் தூக்கம். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். படுக்கையில் கிடந்த நேரம் அதிகமாயிற்று. தூங்கி எழுந்த தெம்பு மட்டும் எவர் முகத்திலும் இல்லை. கனவுகள் பெருகின. இறந்துபோன உறவினர்கள் கும்பலாக வந்தார்கள் என்று என் மனைவி காலைதோறும் ஒரு பட்டியல் சொல்லுவாள்.

எங்கள் தெருவின் தனிக்குறை இது என்று அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். சுவிட்சர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில் கிறிஸ்டீன் ப்ளூம் என்னும் பெண்மணியும் அவருடைய சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பற்றிப் பிற்பாடு அறிந்தபோது ஆச்சரியமாயிருந்தது. ஊரடங்குக் காலத்தில் ஐரோப்பிய ஜனங்கள் முன்னைக் காட்டிலும் அதிக நேரம் தூங்கினார்கள், வேலைநாளுக்கும் விடுமுறைநாளுக்கும் இடையே உறங்கும் வேளையில் இருந்த வித்தியாசம் குறைந்தது, ஆயினும் தூக்கத்தின் தரம் தாழ்ந்துவிட்டதாக அவர்களே உணர்ந்தார்கள் என்பது அதன் சாரம். நம் நாட்டு மருத்துவர்கள் அதே ஆண்டு விசாரித்தபோது, ஜனங்கள் பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்ததும், இரவுத் தூக்கம் குறைந்து பகல் தூக்கம் கூடியதும் வெளிப்பட்டன. நேரம் கிடைத்தால் தூக்கம் தானே கிடைத்துவிடும் என்று நம்பியிருந்த உலகம், அந்த ஆண்டு வேறொன்றைக் கற்றுக்கொண்டது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். சேலத்து வெள்ளிக் கொலுசு வடநாடு வரை போவது வாசகர்கள் அறிந்ததே; வெள்ளிக் கட்டியை வாங்கி வந்து, கம்பி இழுத்து, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகிட்டு, கொலுசாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெறும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். லாரியும் ரயிலும் நின்ற மறுநாளே வெள்ளி வருவது நின்றது. வாரக் கூலியும் நின்றது. ஒரு நாள் இராத்திரி உறக்கம் வராமல் திண்ணைக்கு வந்தேன். எதிரே பட்டறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், மனிதர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாம்பிளுக்காக வைத்திருந்த பழைய கொலுசு ஜோடிகளைப் பூந்திக்கொட்டை நீரில் நனைத்து, பித்தளைத் தூரிகையால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த வெள்ளி அது. தேய்த்து, அலசி, துணியில் ஒற்றி, விளக்கில் காட்டிப் பார்த்து, மறுபடியும் நீரில் போட்டார். என்னைக் கண்டதும், "வாங்க வாத்தியாரே, உங்களுக்கும் தூக்கம் புடிக்கலீங்களா?" என்றார். பிறகு தலையைக் குனிந்தபடியே, "பட்டறை ஓடுற காலத்துல அந்தச் சத்தத்துலயே கண்ணசந்துருவேனுங்க. இப்பக் கண்ண மூடுனா வட்டிக்குக் குடுத்தவர் மொகந்தான் வருது. கை சும்மா இருந்தா நெஞ்சு படபடங்குது" என்றார்.

அவருடைய கை அவருக்குச் சொன்ன உண்மையை விஞ்ஞானிகள் வேறு பாஷையில் சொல்கிறார்கள். அலெக்ஸாண்டர் போர்பெலி என்பவர் 1982ஆம் ஆண்டில் வகுத்துக் கூறியபடி, நம் நித்திரையை இரண்டு சக்திகள் ஆளுகின்றன. விழித்திருந்து உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தேகத்தில் உறக்கத்தின் தேவையை ஏற்றிக்கொண்டே போவது ஒன்று. மூளையின் அடியில் கண்ணின் நரம்புகளுக்கு மேலே இருக்கும் ஒரு சிறு அணுத்திரள், சூரிய வெளிச்சத்தை ஆதாரமாகக் கொண்டு இரவு பகலைக் கணக்கிட்டு வருவது மற்றொன்று. பகலெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டு, உடம்பு அலுக்காமல், வெயில் கண்ணில் படாமல், இரவில் கைபேசியின் நீல ஒளியை வெறித்துக்கொண்டிருந்தால் இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. இவ்விரண்டும் செவ்வனே இருந்தாலும்கூட, மனத்தில் அச்சம் புகுந்துவிட்டால் தேகம் காவலுக்கு நிற்கத் தொடங்குகிறது. காவலுக்கு நிற்கும் தேகம் தூங்காது. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்தில் காய்கறிக் கடையும் திறவாத முழு ஊரடங்கு வந்தபோது அந்தக் காவல் இன்னும் கடுமையாயிற்று.

அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி முதல் மாநிலத்துக்குள் ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. கோயம்புத்தூர் வண்டி வந்து நின்ற ஓசை நடுநிசியில் கேட்டதும் என் மனைவி எழுந்து உட்கார்ந்து கைகூப்பினாள். எதிர்வீட்டுக்காரருக்கு வெள்ளி வரத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்நாட்களில்தான். தொல்லை ஒழிந்தது என்றே எண்ணினோம்.

என் தகப்பனாரைப் பெற்ற ஆயா, 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலைத் தன் இளவயதில் கண்டவள். பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி ரயில் பாதைகளின் வழியே இந்தியாவெங்கும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்த நோயைப் பற்றி அவள் விரித்துப் பேசியதில்லை. "அந்த வருசம் ராத்திரியில வெளக்கணைக்க ஆளில்லடா சாமி" என்று மட்டும் சொல்லுவாள். வீட்டுக்கு வீடு நோயாளி. நோயாளியின் அருகே விழித்திருந்தவருக்கும் மறுநாள் காய்ச்சல். அதே காலத்தில், 1917ஆம் ஆண்டில், வியன்னா நகரத்து மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ மற்றொரு விசித்திர வியாதியை வர்ணித்தார். அது கண்டவர்களில் சிலர் வாரக்கணக்கில் உறங்கிக்கொண்டேயிருந்தார்கள். சிலருக்கோ அறவே உறக்கம் பிடிக்கவில்லை. இறந்தவர்களின் மூளையைச் சோதித்த அவர், ஹைப்போதலமஸ் என்னும் சிறு பாகத்தின் பின்புறம் பழுதுபட்டால் ஓயாத் தூக்கமும், முன்புறம் பழுதுபட்டால் தூக்கமின்மையும் உண்டாவதைக் கண்டார். உறக்கத்துக்கென்று மூளையில் இடமுண்டு என்பதை வைத்திய உலகம் அறிந்துகொள்ள ஒரு கொள்ளைநோயே காரணமாயிற்று. அந்த வியாதிக்கும் 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆயினும் ஆயா சொன்ன அணையாத விளக்குகளையும் வியன்னாவின் உறங்கா நோயாளிகளையும் என்னால் பிரித்து நினைக்க இயலவில்லை.

2021ஆம் ஆண்டு வந்தது. ஏப்ரல் 20 முதல் இரவு 10 மணிக்கு மேல் மறுபடியும் ஊரடங்கு. மே மாதத்தில் முழு ஊரடங்கு. மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. முதல் ஆண்டில் எங்களை வருத்தியது நிசப்தம்; இந்த ஆண்டில் எங்களை எழுப்பியது 108 வண்டியின் ஓலம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இடம் நெருக்கடியானபோது, கஞ்சமலை அடிவாரத்தில் இரும்பாலை வளாகத்திலேயே, ஆலையின் ஆக்சிஜனைக் குழாய் வழியாகக் கொணர்ந்து, 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையத்தை அமைத்தார்கள், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மே 20ஆம் தேதி அதைத் திறந்து வைத்தார். எஃகை உருக்க உண்டாக்கிய பிராணவாயு மனிதர்களின் நெஞ்சுக்குப் போயிற்று என்பதை நினைக்கையில் இன்றும் என் மனம் நெகிழ்கிறது. இரும்பாலைக்குப் போகும் சாலை எங்கள் பகுதியைத் தொட்டுக்கொண்டு செல்வதால், வண்டிகளின் அலறல் தொலைவில் எழுந்து, நெருங்கி, ஜன்னலைக் கடந்து, மேற்கே தேய்ந்து மறைவது இரவெல்லாம் கேட்டது. ஒன்று மறையுமுன் அடுத்தது எழும். படுத்திருக்கும் ஒவ்வொருவரும், இது யார் வீட்டு வண்டியோ என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார்கள்.

அந்த நாட்களில் எனக்கும் என் மனைவிக்கும் தொற்று கண்டது. வீட்டிலேயே தனித்திருந்து, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவி எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தலையணை நடுவே கிடந்தது. குப்புறப் படுத்தால் மூச்சு நன்றாக ஓடும் என்றார்கள். ஆயுள் முழுவதும் மல்லாந்து படுத்துப் பழகியவனுக்கு அது ஓர் உபாதை. சற்றே கண்ணயரும் நேரத்தில், மனைவி காய்ச்சலோடு எழுந்து என் கையைத் தேடி, நடுவிரலில் அதை மாட்டுவாள். இருட்டில் முதலில் ஒரு சிவப்புக் கோடு துடிக்கும். பிறகு எண் தோன்றும். 93 என்று காட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் விரலைத் தன் இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற, முழங்கை வரை தேய்த்துவிட்டு, மீண்டும் மாட்டுவாள். 95 வரும். ஒன்றும் பேசாமல் கருவியைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொள்வாள். அவளுடைய எண்ணை நான் பார்க்கவிடாமல் விரலை மடக்கிக்கொள்வாள். எங்களுக்குள் யார் தூங்கினோம், எப்போது தூங்கினோம் என்பது எனக்கு நினைவில்லை. ஒருவர் கண்ணை மூடும்போது மற்றவர் திறந்திருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் மாத்திரம் வாய்திறந்து சொல்லாமலே இருந்தது.

அப்படிக் கிடந்த ஓர் இரவில் தொலைபேசி மணி அடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு ஒரே பள்ளியில் பாடம் சொல்லி, ஓய்வுக்குப் பிறகு காலைதோறும் என் வாசலில் நின்று "கிளம்பலாமுங்களா?" என்று கூப்பிடும் நண்பர், மருத்துவமனையில் காலமாகிவிட்டார் என்ற செய்தி. உடலைப் பார்க்கப் போக முடியாது. போய் அழவும் முடியாது. செய்தி வந்த வேளை அவருடைய மனைவியின் தேகத்தில் பதிந்துபோயிற்று. அந்த அம்மாள் இன்றைக்கும் சரியாக அதே வேளையில் விழித்துக்கொள்கிறார். பிறகு விடியும் வரை கண்மூடுவதில்லை. எந்த மாத்திரையும் அந்த விழிப்பைப் போக்கவில்லை. துக்கம் கேட்க வந்து, உடன் படுத்திருந்து, நடுராத்திரியில் எழுந்தால் ஒரு வாய் காப்பி வைத்துக்கொடுக்க உறவினர் இருந்திருந்தால் இந்தப் புண் இவ்வளவு ஆழமாகப் பதிந்திராது என்றே நான் நம்புகிறேன். சாவு வீட்டில் பல நாட்கள் பங்காளிகளும் சம்பந்திகளும் கூடிப் படுத்து எழும் வழக்கத்தை நம் பெரியவர்கள் வீணுக்கு ஏற்படுத்தவில்லை.

என் தங்கையின் மகள் செவிலியர். இரும்பாலை வார்டில் அவளுக்கு இரவுப் பணி போட்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை மூடும் அந்த உடுப்பில் தண்ணீர் குடிக்கவும் முடியாமல் இரவைக் கழித்துவிட்டு, காலையில் தங்குமிடத்துக்கு வந்து குளித்துப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. "மானிட்டர் சத்தம் காதுக்குள்ளயே நிக்குதுங்க மாமா. ரூமுல ஒண்ணும் இல்ல, ஆனா கேக்குது. எந்திரிச்சு ஓடப்போயிட்டு, கதவுகிட்ட வந்து நிப்பேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். வார்டில் இருந்த நோயாளிகளைப் பற்றியும் அவள் சொல்லித்தான் அறிந்தேன். மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பலர் உயிரைக் காத்தது. அதே மருந்து உறக்கத்தைக் கெடுக்கும் குணமுள்ளது. விளக்கணையாத கூடத்தில், பக்கத்துப் படுக்கையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடந்த நோயாளிகள் அவளைக் கூப்பிட்டு, "கண்ணு, நான் தூங்குறேன், நீ பாத்துக்குவியா?" என்று கேட்பார்களாம். பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபிறகே சிலர் கண்ணை மூடினார்களாம். என் தகப்பனார் காலத்து இரவுகளில் ஒருவரும் கேட்க அவசியமில்லாதிருந்த கேள்வி அது.

காய்ச்சல் விட்ட பின்னும் எனக்குத் தூக்கம் திரும்பவில்லை. படுத்தவுடன் நெஞ்சு எதையோ எதிர்பார்க்கும். விரல் அந்தக் கருவியைத் தேடும். நான் பார்த்த மருத்துவர் பொறுமையானவர். மாத்திரையைச் சில நாட்களுக்கு மேல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எளிய சில நியமங்களை விதித்தார். எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே வேளைக்கு எழ வேண்டும். எழுந்ததும் வெயிலில் நடக்க வேண்டும். உறக்கம் வராமல் புரள்வதாயிருந்தால் படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. படுக்கையைக் கண்டதும் அச்சம் நினைவுக்கு வரும்படி மனம் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கடிகாரத்தைப் பார்க்காமலிருப்பது எனக்குச் சுலபமாயிருந்தது, ஏனென்றால் வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. நாள்போக்கில், நீலகிரி வந்த ஓசை கேட்டிருக்கும், சேரன் வந்தது கேட்டிராது. பிறகு அதுவும் இதுவும் கேட்காமல் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு விழிப்பு வரும் நிலை வந்தது. என் மனைவிக்கு இன்னும் அவ்வளவு சித்திக்கவில்லை. உறக்கத்தில் அவள் கை நீண்டு என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

தங்கை மகள் இப்போது நகரத்தில் வேறு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். மாதத்தில் பாதி இரவுப் பணி. தெருவில் அவளைப் போலவே ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவரும், இரும்பாலைத் தொழிலாளர் இருவரும், 108 வண்டி ஓட்டுநர் ஒருவரும் உண்டு. எல்லோரும் பகலில் உறங்க வேண்டியவர்கள். சென்ற ஆடி மாதத்தில் தெருமுனை மாரியம்மன் கோயிலில் விடிந்தது முதல் மதியம் வரை பாட்டுப் போடுவதற்காக ஒலிபெருக்கிக் குழாய்களை எங்கள் தெருவை நோக்கிக் கட்டியிருந்தார்கள். நானும் எதிர்வீட்டுக் கொலுசுக்காரரும் போய்க் கோயில் பெரியவர்களிடம், அந்த மே மாதத்து இரவுகளில் ஊருக்காக விழித்திருந்தவர்கள் இந்த வரிசை வீடுகளில் படுத்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னோம். அவர்களில் ஒருவர் இரும்பாலை வார்டிலிருந்து பிழைத்து வந்தவர். அவரே ஏணியைக் கொண்டுவரச் சொல்லிக் குழாய்களைக் கழற்றி, ரயில் பாதைப் பக்கமாகத் திருப்பிக் கட்டவைத்தார். பாட்டையும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொண்டார்கள். இந்த ஆண்டுத் திருவிழா நோட்டீசிலும் அந்த நேரத்தை அச்சிட்டிருக்கிறார்கள்.